கையில் வாங்கிய கால்

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது. வந்தவாசிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பயிர்த்தொழில் செய்துவரும் தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. நயினார் வீடு என்றால் ஊரில் தெரியும். இருட்டில் சாப்பிட்டால் சோற்றில் விழுந்த சின்ன உயிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே இராச்சாப்பாடு முடிந்துவிடும். இப்படி வளர்ந்து, முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த நான், அறுபதாவது வயதில் ஒரு குதிரையின் காலைத் தூக்கித் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு கத்தியால் குளம்பு சீவப் பழகினேன். பழகுவதற்கு முன்னும், பழகிய பின்னும், இது எனக்குத் தகுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குதிரை என் தம்பியுடையது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிப் போக வாடகைக்கு விடுவான். நிறம் செவலை; பெயரும் செவலைதான். 2021இல் தம்பி போய்விட்டான். அவன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சென்னையில் வேலை. விற்றுவிடலாம் என்றார்கள். முதலில் வந்தவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, வயது பதினாறுக்குக் குறையாது என்று சொல்லிவிட்டு விலை பேசாமலே போனார். அடுத்து வந்தவர் சொன்ன விலையைக் கேட்டதுமே எதற்காக வாங்குகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து எங்கள் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இல்லறத்தில் இருக்கும் சமணனுக்கு ஐந்து அணுவிரதங்கள் உண்டு. முதலாவது கொல்லாமை. அந்த விரதத்தைக் கெடுக்கும் குற்றங்களையும் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஐந்தாக எண்ணிச் சொல்கிறார்: கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பை வெட்டுதல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், தீனியும் தண்ணீரும் கொடாமல் நிறுத்துதல். சின்ன வயதில் ஜினாலயத் திண்ணையில் உட்கார்ந்து இதை ஒப்பித்திருக்கிறேன். அப்போது வாயோடு போயிற்று. இப்போது படிக்கும்போது, தொழுவத்துக்குள் நின்று பார்த்து எழுதிய வரி என்று தோன்றுகிறது. கொலை இந்த ஐந்தில் இல்லை. கொன்றுவிட்டால் விரதமே போயிற்று. விரதத்தோடு இருப்பவன், மாடு கன்று வைத்துப் பிழைப்பவன், தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே அன்றாடம் செய்துவிடக்கூடிய குற்றங்கள் இவை.

செவலையை நான் கட்டித்தான் வைத்திருந்தேன். ஐந்தில் ஒன்று ஆயிற்று. தம்பி காலத்திலிருந்து குளம்பு சீவ வந்துகொண்டிருந்த பாய் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, இன்னொன்றும் எதற்கு என்று நினைத்தேன். இனி அது யாரையும் சுமக்கப் போவதில்லை. லாடத்தையும் கழற்றியாயிற்று. பிறவியில் வந்த காலை ஏன் வெட்டவேண்டும்? “இப்போதைக்கு வேண்டாம் பாய்” என்று அனுப்பிவிட்டேன். இப்படி நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் நான் அஹிம்சையைக் கடைப்பிடிப்பதாகவே நம்பினேன்.

குளம்பு என்பது நகம்தான். மயிர் முடியும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. முன்நுனி முழுக்கப் புதிதாக மாற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். வெளிச்சுவரில் ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் நாம் நம் நகத்தின்மேல் நிற்பதில்லை; குதிரை நிற்கிறது. நுனி நீண்டுவிட்டால் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் அது கடப்பாரைபோல நெம்பி, குளம்பின் சுவரை உள்ளேயிருக்கும் எலும்பிலிருந்து பிய்க்கப் பார்க்கும். செவலையின் முன்கால் குளம்புகள் விரிந்து தாம்பாளம்போல ஆயின. ஓரத்தில் கீறல் விட்டது. பங்குனி வெயிலில் கீறல் வெடிப்பாயிற்று. நான் தினமும் தண்ணீர் காட்டினேன், புல் போட்டேன், கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் இடது முன்கால் தரையில் படவில்லை. மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. குளம்பில் கைவைத்தால் சுட்டது. கணுவுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி குதித்தது. கால்நடை மருத்துவர் வந்து அடியில் சிறிதாகத் திறந்துவிட்டார். கரியும் சாம்பலும் கலந்த நிறத்தில் சீழ் பீறிட்டது. அந்த நாற்றம் இரண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை. “இது நேத்து வந்ததில்ல சார். குளம்பு விரிஞ்சு வெடிச்சு, மண்ணு உள்ள போயிருக்கு. கடைசியா எப்ப சீவினீங்க?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு அந்த ஐந்து குற்றங்களை மறுபடியும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் நான்கும் செய்கை: கட்டுவது, அடிப்பது, வெட்டுவது, ஏற்றுவது. ஐந்தாவது மட்டும் செய்யாமை. கொடுக்கவேண்டியதைக் கொடாமல் இருப்பது. ஐம்பது வருடம் ஒப்பித்தும் இந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டதில்லை. கட்டாத உயிருக்கு நான் தண்ணீர் வைக்காவிட்டால் அது ஏரிக்குப் போய்க் குடித்துக்கொள்ளும். கட்டிப்போட்ட உயிருக்குத் தண்ணீர் வைக்காமலிருப்பது என் குற்றம். கயிறு கட்டியவுடனே, அதுவரை என் கடமையாக இல்லாதது கடமை ஆகிவிடுகிறது. தண்ணீருக்கு உள்ள இந்தக் கணக்கு குளம்புக்கு இல்லாமல் போகுமா?

அவிழ்த்துவிட்டுவிடு என்று சொன்னவர்களும் உண்டு. எங்களுக்கு அது புதிய யோசனை அன்று. போளூர்ப் பக்கம் திருமலையில் ஐம்பதடிக்கு மேல் உயரமாகப் பாறையில் நிற்கும் நேமிநாதர், தன் கல்யாணத்துக்குப் போகும் வழியில் விருந்துக்காக அடைத்துவைத்த மிருகங்களின் அலறலைக் கேட்டுத் தேரைத் திருப்பியவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நேமிநாதர் விடுவித்த பிராணிகளுக்குத் திரும்பிப் போகக் காடு இருந்தது. செவலைக்கு எது காடு? கைவிடப்பட்ட குதிரைகள் ஊட்டியில் சாலையோரக் குப்பையைக் கிளறித் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அவிழ்த்துவிடுவது சில நேரம் விடுதலை. சில நேரம் கைகழுவுவது. என் விஷயத்தில் இரண்டாவதாகத்தான் இருந்திருக்கும்.

சீனத்து ஞானி சுவாங்ட்சு பெயரில் வழங்கும் நூலில் ஒன்பதாவது அத்தியாயத்துக்குக் குதிரைக் குளம்பு என்றே தலைப்பு. உறைபனியை மிதிக்கக் குளம்பும் குளிர்காற்றைத் தடுக்க மயிரும் குதிரைக்குப் பிறவியிலேயே இருக்கின்றன. புல்லைத் தின்று, தண்ணீர் குடித்து, துள்ளிக் குதிப்பது அதன் இயல்பு. அப்புறம் போ லெ என்ற குதிரை நிபுணன் வந்து, நான் குதிரையைப் பழக்குவதில் கெட்டிக்காரன் என்று சொல்லி, மயிரைப் பொசுக்கினான், குளம்பைச் செதுக்கினான், சூடு போட்டான், கட்டினான், பட்டினி போட்டான். பாதிக்கு மேல் செத்துப் போயின என்கிறது அந்த அத்தியாயம். நன்மை செய்கிறேன் என்று வருகிறவர்கள்மீது வைக்கப்பட்ட இதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டை நான் படித்ததில்லை. நான்கு மாதம் பாயைத் திருப்பி அனுப்பியபோது என் மனதில் இருந்ததும் இதுதான், இவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும்.

சுவாங்ட்சு சொல்வது உண்மை. மேய்ச்சல் தேடிக் கல்லிலும் கரட்டிலும் நாளெல்லாம் நடக்கும் காட்டுக்குதிரைக்குக் குளம்பு வளர்கிற வேகத்திலேயே தேய்ந்துவிடும். எந்த லாடக்காரரும் தேவையில்லை. என் கொட்டகை முப்பதடிக்கு இருபதடி. கீழே மெத்தென்ற மண். செவலையின் குளம்பைத் தேய்க்கவேண்டிய மலையை நான் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்ததற்கு ஈடாக என் கையில் ஓர் அரமாவது இருக்கவேண்டும். சுவாங்ட்சு கயிற்றைக் கேள்வி கேட்கிறார், சரியான கேள்வி. முன்னமே கட்டப்பட்டுவிட்ட, கிழடாகிவிட்ட ஒரு குதிரைக்கு நாளைக் காலையில் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

பாயிடம் போனேன். ஆரணிப் பக்கம் வீடு. அவருடைய அப்பா ஜட்கா குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். காலைச் சொன்னேன், சீழைச் சொன்னேன். அவர் என்னைக் குறைசொல்லவில்லை. “இடுப்பு போயிடுச்சு வாத்தியாரே. குனிஞ்சா நிமிர முடியல. நான் வந்து நிக்கிறேன், நீங்களே பழகிக்குங்க” என்றார்.

இங்கேதான் எனக்கு இரண்டாவது சங்கடம் வந்தது. எந்த வேலையும் முதல் தடவை தப்பாகத்தான் வரும். பிள்ளைகள் சிலேட்டில் தப்பாக எழுதினால் அழித்துக்கொள்ளலாம். நான் தப்பாகச் சீவினால் செவலைக்கு ரத்தம் வரும். ஒருவன் கற்றுக்கொள்வதற்கு இன்னோர் உயிர் வலியைத் தாங்கவேண்டுமா? வைத்தியம் படிக்கிறவர்களுக்கும் முடிவெட்டப் பழகுகிறவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. அங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர் வேண்டாம் என்று சொல்லலாம்.

பாய் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கோ கிழடுதட்டிச் செத்த ஒரு கல்யாணக் குதிரையின் முன்கால்கள் இரண்டு, முழங்காலுக்குக் கீழே. லாட வேலை பழகுகிறவர்கள் முதலில் செத்த காலில்தான் பழகுவார்கள், அதுதான் முறை என்றார். என் மனைவி அது வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்றாள். மோட்டார் கொட்டகையில், கிணற்று மேடைமேல் சாக்கை விரித்து வைத்தோம். செத்த பிராணியின் உடலை அதுவரை நான் கையால் தொட்டதில்லை. தொட்டேன்.

இரண்டில் ஒன்றைப் பாய் வாளால் நெடுக்காக அறுத்துவைத்திருந்தார். உள்ளே பார்த்தேன். நடுவில் சிறு கலப்பைக் கொழுபோல ஓர் எலும்பு. அதைச் சுற்றி, புத்தகத்தின் தாள்களைப் போல நெருக்க நெருக்கமாக நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள். அவைதான் எலும்பையும் குளம்புச் சுவரையும் கோத்துப் பிடித்திருக்கின்றன. குதிரையின் முழு பாரமும் அந்தத் தாள்களில்தான் தொங்குகிறது. அடித்தட்டு என் விரல் தடிமன்கூட இல்லை. பின்பக்கம் முக்கோணமாக ரப்பர்போல ஒரு மேடு. ஆங்கிலத்தில் இதற்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடித்தட்டும் சுவரும் சேருமிடத்தில் மெழுகு நிறத்தில் சுற்றிலும் ஒரு கோடு ஓடுகிறது. பாய் அதைக் கத்திநுனியால் தொட்டுக் காட்டினார்: “இந்தக் கோட்டுக்கு வெளிய நகம். உள்ள உயிரு. தாண்டாதீங்க.”

ஜீவன் உடலின் அளவாக, உடல் முழுவதும் பரந்திருப்பது என்பது எங்கள் சமயம். எறும்பில் எறும்பளவு, யானையில் யானையளவு. அதன் எல்லையை யாராவது விரல் வைத்துக் காட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றொரு காலில் சீவப் பழகினேன். மூன்று இடத்தில் கோட்டைத் தாண்டிவிட்டேன். ரத்தம் வரவில்லை, அந்தக் குதிரைக்கு இனி வராது. செவலையாக இருந்திருந்தால் மூன்று காயம். சாயங்காலம் இரண்டு கால்களையும் வேப்பமரத்தடியில் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தேன். பெயர்கூடத் தெரியாத அந்தக் குதிரைக்கு நான் பட்ட கடனை எந்த வகையில் தீர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கருவி விஷயத்தில் பாய் கண்டிப்பானவர். தச்சனிடம் வாங்கிய உளி வேண்டாம், மாட்டு லாடத்துக்கு வைத்திருந்த பழைய கத்தி வேண்டாம் என்று ஒதுக்கினார். குளம்புக் கத்தி தனி: இலைபோல வளைந்த அலகு, நுனியில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கி தவளையின் பக்கத்துப் பள்ளங்களைச் சுத்தம் செய்வதற்கு. வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. சுவரை வெட்ட ஒன்றேகால் அடி நீளக் குறடு. பிடி நீளமாக இருப்பதால் கை நோகாமல், திருகாமல், நேராகக் கடிக்கும். பிறகு பெரிய அரம், ஒருபக்கம் கரடு, மறுபக்கம் நைசு. அழுக்கைக் கிளறும் கொக்கி. இடுப்பிலிருந்து முழங்கால்வரை தொங்கும் தோல் ஏப்ரன். நான் தோலைக் கட்டமாட்டேன் என்றதால் தடித்த கித்தான் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொண்டேன்.

கத்தியைத் தீட்டுவதற்கு மட்டும் அரைமணி நேரம் உட்காரவைப்பார். ஒருநாள் பொறுமையில்லாமல், இவ்வளவு போதாதா என்று கேட்டேன். “மொண்ணைக் கத்திக்கு பலம் கொடுக்கணும். பலம் கொடுத்தா வழுக்கும். வழுக்கினா உங்க கை, இல்லாட்டி அது கால்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “அறுக்கிறதுக்கே கத்திய நல்லா தீட்டிக்கோ, அத வதைக்காதேன்னு எங்க நபி சொல்லியிருக்காங்க. நாம அறுக்கக்கூட இல்ல. தீட்டாம வரலாமா?” என்றார். அறுப்பது என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த நபிமொழியில் உள்ள இரக்கம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது. பதில் பேசாமல் சாணைக்கல்லில் கத்தியைத் தேய்த்தேன்.

வெளிச்சம் மங்கினால் வேலையை நிறுத்திவிடவேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாத நேரத்தில் கத்தி பைக்குள் போய்விடும். எங்கள் இராச்சாப்பாட்டு விதியும் இதுவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

நிற்கும் முறையை எழுதியே ஆகவேண்டும், யாருக்காவது உதவும். குதிரையின் தோளோடு தோளை ஒட்டி, அதன் வாலைப் பார்த்து நிற்கவேண்டும். பயந்து இரண்டடி தள்ளி நின்றால்தான் உதை முழு வேகத்தோடு விழும். ஒட்டி நின்றால் வெறும் தள்ளாகப் போய்விடும். முட்டிபோடக் கூடாது, தரையில் உட்காரவே கூடாது. தலைக்கயிறு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கவேண்டும். ஆள் பிடித்திருந்தால் அவரும் நீங்கள் நிற்கும் பக்கத்திலேயே நிற்கவேண்டும். ஈ அதிகமான நேரத்தில் தொடக் கூடாது. ஈக்காக அது காலை உதறும்போது கத்தி நம் கையில் இருக்கும். கருவிகளைக் குதிரையின் காலடியில் போடக் கூடாது. இவ்வளவும் ஆனபின் தோளிலிருந்து கையை மெதுவாகக் கீழே வழித்துக்கொண்டு போய்க் கணுவுக்கு மேலே லேசாக அழுத்தவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும்.

அந்தக் காத்திருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. பல்லோ கொம்போ அதற்குப் பெரிய துணையில்லை, கால்தான் துணை. ஒரு காலை நம்மிடம் கொடுத்துவிட்டால் அதனால் ஓட முடியாது. செவலை முதலில் காதைப் பின்னால் சாய்த்தது. மறுபடியும் அழுத்தினேன். ஒரு பெருமூச்சு விட்டது. பாரத்தை மெள்ள வலப்பக்கம் மாற்றியது. காலில் இருந்த இறுக்கம் போய், குளம்பு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சூடில்லை இப்போது. பழைய சீழ்க்கட்டியின் வடு அடியில் தெரிந்தது.

எங்கள் முனிவர்கள் தலைமயிரைத் தாங்களே கையால் பிடுங்கிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். அவர்களுடைய வலி, அவர்கள் ஏற்றுக்கொண்ட வலி. செவலை எந்த விரதமும் ஏற்கவில்லை. அது காலைக் கொடுத்ததைச் சம்மதம் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை; பழக்கமாக இருக்கலாம், அலுப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு, நம்பியவரிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொள்ள என்னால் முடியும். பாய் இதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்: “அது கேக்கிறதுக்கு முன்னாடி கால திருப்பிக் கொடுங்க. கீழ போடாதீங்க. வைங்க.”

எங்கள் ஒழுக்கநெறியில் ஐந்து சமிதிகள் உண்டு. நடப்பதில் கவனம், பேசுவதில் கவனம், உணவு கொள்வதில் கவனம், கழிவை விலக்குவதில் கவனம். இன்னொன்று, ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். முனிவர்கள் கமண்டலத்தைத் தரையில் வைக்குமுன் மயில்பீலியால் அந்த இடத்தைத் தடவிவிட்டுத்தான் வைப்பார்கள். அது துறவிகளுக்கான சிறு ஒழுங்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குளம்பை எடுத்து, குளம்பை வைத்தபோது, என் சமயத்தில் எனக்கென்று ஓர் இடம் இருப்பது தெரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் பொன்னூர் மலை தெரியும். உச்சியில் எங்கள் ஆசாரியர் குந்தகுந்தரின் பாதச்சுவட்டை வைத்து வணங்குகிறோம். அவர் பிரவசனசாரத்தில் சொல்லியிருப்பதன் சாரம் இது: எதிரில் உள்ள உயிர் செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி, கவனமில்லாமல் நடப்பவனுக்கு ஹிம்சை உறுதி, விழிப்போடு நடப்பவனைத் தற்செயலாக நேர்ந்த கேடு பந்தப்படுத்தாது. உமாஸ்வாமியும் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது பிரமாதம், அதாவது அசட்டை, என்ற சொல்லைத்தான் முதலில் வைக்கிறார். செய்கையா எண்ணமா எது பெரிது என்று பௌத்தர்களுக்கும் சமணர்களான எங்களுக்கும் பழைய வழக்கு உண்டு. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரம் அந்த வழக்கைப் பேசுகிறது. புத்தர் எண்ணத்தின் பக்கம். நான் பணிவோடு சொல்கிறேன்: அந்த நான்கு மாதமும் என் எண்ணம் பழுதில்லாமல்தான் இருந்தது. செவலையின் குளம்பில் சீழ் பிடித்தது.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. தெரியாது என்பதும் அசட்டையில் சேரும், தெரிந்துகொள்ள வழி இருந்தும் போகாமலிருந்தால். பழகாதவன் கத்தியை எடுத்தால், அன்று ரத்தம் வராவிட்டாலும், அவன் ஹிம்சை செய்தவனே. கட்டிவைத்திருக்கும் உயிருக்காகப் பழக மறுப்பவனும் அவனோடு சேர்ந்தவன். அஹிம்சைக்கு மனம் மட்டும் போதும் என்று நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கையும் பழகவேண்டும். அவர்களிடம் இதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

முதல் மூன்று மாதம் பாய் எனக்கு அரம் மட்டும்தான் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓரத்தைத் தேய்ப்பது. அரம் தப்பு செய்தாலும் சின்னத் தப்பாகத்தான் செய்யும். பிறகு குறடு, சின்னச் சின்னக் கடியாக. அடித்தட்டைக் கத்தியால் ஆழப் பறிக்க இன்றைக்கும் அனுமதியில்லை. உதிர்கிற மாவை மட்டும் சுரண்டலாம், கட்டைவிரலால் அழுத்தினால் நெகிழும் இடத்தில் நிறுத்திவிடவேண்டும். கோடையில் குளம்பு கருங்கல்லாகிவிடும். முதல்நாள் இரவு ஈரச் சாக்கில் நிற்கவைத்தால் கத்தி இறங்கும். சீவும்போது கொம்பு கருகுவதுபோல ஒரு வாசனை வரும். சீவல் விழ விழத் தெருநாய் வந்து பொறுக்கிக்கொண்டு ஓடும். பின்கால்களை ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தொட்டேன்.

தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழையில் தவளைப் பள்ளத்தில் அழுகல் வந்தது; உள்ளே புழு. மயில்துத்தம் போட்டால் கால் ஆறும், புழு சாகும். எங்கள் நூல்கள் ஹிம்சையை நான்காகப் பிரித்து, வேண்டுமென்றே செய்வதை இல்லறத்தான் முழுக்க விடவேண்டும் என்றும், வீடு, தொழில், தற்காப்பு இவற்றில் நேர்வதைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்றும் சொல்கின்றன. அந்தப் பிரிவு எனக்கு அனுமதி கொடுத்தது. நிம்மதி கொடுக்கவில்லை. எடுக்க முடிந்த புழுக்களைக் குச்சியால் எடுத்து எருக்குழியில் விட்டேன், மற்றவை செத்தன. தினமும் கொக்கியால் குளம்பைச் சுத்தம் செய்திருந்தால் அழுகலே வந்திருக்காது. அப்போதிருந்து ஒருநாளும் விட்டதில்லை.

இந்த வேலை தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை அரிது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கியதைச் சொல்கிறார். அரசர் ஒருவரே வருடத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார், வருடம் முடிவதற்குள் 100கூட மிஞ்சாது என்கிறார். குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துக் கொடுத்தார்களாம். பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடக்காரர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள், குதிரை செத்தால்தான் அடுத்த குதிரை விற்கும் என்பதால். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். மற்றதை நான் நம்புகிறேன். அந்த வருடங்களில் இந்த மண்ணில் எத்தனை குதிரைகள் மூன்று காலில் நின்றன என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எங்கள் மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதரின் அடையாளம் குதிரை. அவருடைய பீடத்தில் செதுக்கிய அந்தச் சிறு உருவத்தின் நான்கு கால்களையும் இப்போதெல்லாம் உற்றுப் பார்க்கிறேன்.

பாய்க்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ஒரு மகன் கத்தாரில், இன்னொருவர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில். அவரிடம் இந்த வேலையைப் பழகியது இதுவரை நான் ஒருவன்தான். எனக்கும் அறுபத்து மூன்று ஆகிவிட்டது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் கோயில் உற்சவத்துக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். முதலில் குனிந்து உங்கள் குதிரையின் குளம்பைப் பாருங்கள். உங்கள் வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் பொறுமையுள்ள பிள்ளை யாராவது இருந்தால், பெண்பிள்ளையானாலும் சரி, எங்களிடம் அனுப்பிவையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை, நன்றாக விடிந்தபின், செவலைக்குக் குளம்பு சீவுகிறோம். பணம் வேண்டாம். செருப்போடு வரவேண்டாம், கெட்டியான ஷூ போட்டு வரட்டும்.